குடைக்குள் வந்த கொம்பன்

சுருட்டையின் அப்பா சலூன் வைத்திருந்தார். இரண்டு சுழல் நாற்காலி, சுவர் நீளத்துக்குக் கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. ஊரார் தலையையெல்லாம் ஒழுங்கு செய்கிறவரின் மகள் தலையில் மட்டும் சீப்பு இறங்காது. அதனால்தான் அவளுக்கு அந்தப் பெயர்.

சலூனுக்கு மேல்மாடியில் குச்சி குடியிருந்தான். ஒல்லியென்றால் அப்படியொரு ஒல்லி. அவன் அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அம்மா வேலை முடிந்து வரும்வரை குச்சி சலூன் பெஞ்சில்தான் இருப்பான். அவன் இருக்கும் இடத்தில் சுருட்டையும் இருப்பாள்.

பெஞ்சின் ஓரத்தில் பழைய புத்தகங்கள் குவிந்து கிடக்கும். அவற்றில் ஒன்று, முடிவெட்ட வந்த யாரோ மறந்துவிட்டுப் போன மாங்கா. தின்கிற மாங்காய் இல்லை, தமிழில் வந்த ஜப்பானியப் படக்கதை. அட்டை போய்விட்டது. அதைப் பார்த்தபோது இருவருக்கும் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அதனால் எழுத்தை விட்டுவிட்டுப் படங்களைப் பார்த்தார்கள்.

முதல் படத்தில், மலை உயரச் சிம்மாசனத்தில், கொம்பு வைத்த தலைக்கவசத்தோடு ஒருவன் தனியாக உட்கார்ந்திருந்தான். கொம்பன் என்று அவனுக்குப் பெயர் வைத்தார்கள். பக்கம் புரளப் புரள, கொம்பன் சூரியனை வானத்துக்குத் திருப்பிக் கொடுத்தான். கடலைக் கரைக்குக் கொடுத்தான். மின்னலை மேகத்துக்குக் கொடுத்தான். கவசத்தையும் கழற்றினான். கடைசிப் பக்கத்தில் சின்னப் பையனாகி, மழையில் ஒரு சிறுமியின் குடைக்குள் நின்றான்.

“எவ்வளவு நல்லவன் பாரேன்,” என்றாள் சுருட்டை.

எத்தனையோ மாலைகள் அந்தக் கதையை விளையாடினார்கள். முடிவெட்டும்போது போர்த்துகிற துணி கொம்பனின் அங்கியாகும். தண்ணீர் பீச்சும் புட்டி கடலாகும். அப்பாவின் டார்ச்தான் சூரியன். குச்சி கரகரத்த குரலில், “இந்தா, உன் கடலை வாங்கிக்கோ,” என்று பீச்சுவான். காத்திருக்கும் ஆட்கள் நனைந்துகொண்டே சிரிப்பார்கள். அந்த மாலைகளை இப்போது நினைத்தாலும் சுருட்டைக்குச் சவர நுரையின் வாசனை வந்துவிடும்.

அதெல்லாம் சின்ன வகுப்பில். இப்போது இருவரும் ஐந்தாம் வகுப்பு.

போன மாதம் பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டு வந்த குச்சி, வந்ததும் வராததுமாகப் புத்தகத்தைப் பிடுங்கினான்.

“நாம இத்தனை நாளா தலைகீழாப் படிச்சிருக்கோம். மாங்காவைப் பின்னாலேருந்து முன்னால படிக்கணும். பெரியம்மா வீட்டு அண்ணன் வச்சிருக்கிற புத்தகத்துல அதுக்குன்னே முதல்லயே ஒரு பக்கம் இருக்கு. ‘நில்லுங்க, இது தப்பான பக்கம்’னு போட்டிருக்கு.”

“நம்ம புத்தகத்துல இல்லையே?”

சவரம் செய்துகொண்டிருந்த அப்பா மெல்லத் திரும்பினார். கத்தியில் ஒட்டும் நுரையைத் துடைக்க அவருக்குக் காகிதம் வேண்டும். கைக்கு எட்டியதைக் கிழிப்பார். புத்தகத்தின் முன்பக்கத்தில் கிழிந்த ஓரம் ஒன்று பல்லிளித்தது.

“நான் பாட்டுக்குத் துடைச்சுட்டேன் போல,” என்றார் அசடு வழிய.

குச்சி சரியான பக்கத்திலிருந்து படித்தான். இப்போது எழுத்தும் தெரியும். பையன் குடையை விட்டு வெளியே போகிறான். கவசம் மாட்டுகிறான். மின்னலையும் கடலையும் சூரியனையும் பிடுங்குகிறான். சிம்மாசனத்தில் உட்கார்ந்து சொல்கிறான்: “யார் தயவும் தேவைப்படாதவனே எல்லாம் வல்லவன்.”

குச்சி அதை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தான். சுருட்டைக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

அடுத்த வாரம் குச்சியின் அம்மாவுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. அன்றிலிருந்து குச்சி பெஞ்சுக்கு வருவதை நிறுத்திவிட்டான். கூப்பிட்டால், “வேலை இருக்கு,” என்பான். மாடிப்படியில் எதிரே வந்தாலும் சுவரைப் பார்த்துக்கொண்டே போவான். சுருட்டைக்கு அழுகையும் ஆத்திரமும் மாறி மாறி வந்தன. இருக்கப்போவதே கொஞ்ச நாள், அதையும் இவன் பாழாக்குகிறானே என்று இருந்தது.

கிளம்பும் நாளன்று மழை பிடித்துக்கொண்டது. வாசலில் வேன் நின்றது. குச்சி ஒரு செருப்புப் பெட்டியோடு சலூனுக்குள் வந்து அதை பெஞ்சில் வைத்தான். உள்ளே அவள் எப்போதோ கொடுத்த பம்பரம், பாதி தேய்ந்த ரப்பர், ஒற்றைக் காது போன யானை பொம்மை.

“இது எதுக்கு?”

“உன்னோடதுதானே. வச்சுக்கோ. எனக்கு எதுவும் வேண்டாம், யாரும் வேண்டாம். கொம்பன் சொன்னதுதான் கரெக்ட்.”

“எல்லாம் வல்லவரே, காலைக் கொஞ்சம் தூக்குங்க, பெருக்கணும்,” என்றார் அப்பா. குச்சி சிரிக்கவில்லை. ஆனால் காலைத் தூக்கினான்.

‘போடா’ என்று சொல்ல வாயெடுத்தாள் சுருட்டை. யானை பொம்மையைப் பார்த்ததும் அதன் பக்கம் குனிந்தாள். காது போன இடத்தில் யாரோ நூல் போட்டுத் தைத்திருந்தார்கள். கோணல்மாணலான தையல். குச்சியின் கைவேலைதான்.

அவள் பெட்டியை அவன் பக்கம் தள்ளினாள்.

“ஏய், கொம்பன் என்ன செஞ்சான்?”

“எல்லாத்தையும் எடுத்துக்கிட்டான்.”

“நீ என்ன செய்யறே? எல்லாத்தையும் திருப்பிக் குடுக்கறே. அப்ப நீ அந்தக் கதையில இல்ல. நம்ம கதையிலதான் இருக்கே.”

குச்சி பேந்தப் பேந்த விழித்தான். “அது தப்பாப் படிச்ச கதை.”

“தப்போ சரியோ, நாம படிச்சது அதுதான்.”

குச்சியின் உதடு கோணியது. “புது ஊர்ல எனக்கு யாரையும் தெரியாது. யாரும் வேண்டாம்னு சொல்லிட்டா வலிக்காதுன்னு நெனச்சேன்.”

“வலிக்கலையா?”

“வலிக்குது,” என்று சொல்லி, நாற்காலியில் கிடந்த போர்த்துகிற துணியை எடுத்து முகத்தைத் துடைத்தான். அதில் ஒட்டியிருந்த யாரோ ஒருவரின் முடியெல்லாம் கன்னத்தில் அப்பிக்கொண்டது. சுருட்டை முதலில் சிரித்தாள். கண்ணாடியைப் பார்த்துவிட்டு அவனும் சிரித்தான். மீசை வைத்த கொம்பனை இருவரும் அன்றுதான் முதலில் பார்த்தார்கள்.

பிறகு அவன் ஒரு காகிதமும் பேனாவும் பசையும் கேட்டான். மாங்காவை மடியில் வைத்து, கையால் மறைத்துக்கொண்டு ஏதோ செய்தான்.

“நான் போனதுக்கு அப்புறம் பாரு,” என்றான்.

வாசலில் அவன் அம்மா கூப்பிட்டார். சுருட்டை யானையை எடுத்து அவன் சட்டைப்பையில் திணித்தாள். மூலையில் இருந்த குடையை விரித்தாள். சின்னக் குடை, இரண்டு பேருக்குப் போதாது. இருந்தாலும் இருவரும் அதற்குள் ஒண்டிக்கொண்டு, ஆளுக்கொரு தோள் நனைய, வேன் வரை மெதுவாகத்தான் நடந்தார்கள்.

வேன் திரும்பி மறைந்த பிறகு சுருட்டை உள்ளே வந்து புத்தகத்தைத் திறந்தாள். அப்பா கிழித்த இடத்தில் புதிதாக ஒரு பக்கம் ஒட்டியிருந்தது. பசை இன்னும் காயவில்லை.

“நில்லுங்க! இதுதான் சரியான பக்கம். இங்கேருந்தே படிங்க. கடைசியில குடை வரும்.”

அந்தப் புத்தகம் இன்னும் பெஞ்சில்தான் கிடக்கிறது. சவரத்துக்குக் காகிதம் தேடும்போது அப்பாவின் கை சில சமயம் அதன்மேல் போகும். உடனே மகளின் முகத்தை ஒரு பார்வை பார்ப்பார். பிறகு நேற்றைய செய்தித்தாளை எடுத்துக் கிழிப்பார்.