சட்டையின் வாடை

தோளில் போர்த்தியிருந்த சட்டையில் வெற்றிலை வாடை அடித்தது. லம்யாய் வெற்றிலை போடுகிறவள் அல்ல.

பித்தப்பையை எடுத்துவிட்டு அன்று மதியம்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். வயிற்றின் நான்கு தையல்களும் மூச்சுக்கு மூச்சு சுருக்கென்று இழுக்க, பலகைத் தரையில் சாய்ந்தபடி, மேகோங் ஆற்றுப் பக்கமிருந்து வந்த ஈரக்காற்றில் தவளைகள் கத்துவதையும் தூளியில் கைக்குழந்தை முனகுவதையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளையைத் தூக்கிப் பால் கொடுக்கிற அளவுக்கு உடம்பு தேறினால் போதும். வேறொன்றும் அவள் கேட்கவில்லை.

அதற்காகத்தான் நாத்தனார் பிக்குன் மருத்துவமனை வாசலுக்குப் போய் வந்திருந்தாள். கத்தி பட்டவரின் உயிர் அங்கேயே திகைத்து நின்றுவிடும். அவருடைய சட்டையை மீன் அள்ளும் மூங்கில் கூடையில் போட்டுக் காற்றை அள்ளிக் கூப்பிட்டால், தன் வாடை பிடித்து வீடு திரும்பும் என்பது ஊர் நம்பிக்கை.

“அக்கா, இது என் சட்டை இல்ல.”

“உன் பையிலதானடி இருந்துச்சு. பித்தப்பையோட புத்தியையும் அறுத்துட்டானுங்களா?” வந்த உயிர் மறுபடி போய்விடாமலிருக்க, பிக்குன் அவள் மணிக்கட்டில் வெள்ளை நூலை இறுக்கி முடிந்தாள். “வழியெல்லாம் கூடை என்னா கனம்! தோளே கழண்டுடுச்சு.”

மருத்துவமனையில் பக்கத்துக் கட்டில் கிழவி அன்று விடியற்காலையில் செத்துப்போயிருந்தாள். கிளம்பும் அவசரத்தில் இரு கட்டிலுக்கும் நடுவே கிடந்த துணிகளைப் பிக்குன்தான் வாரிப் பையில் திணித்தாள்.

“நூலை அவுத்துடுங்கக்கா.”

“கட்டுன நூல அவுக்கிறதா? சும்மா கிட.”

கீழே, வீட்டு ஏணியடிச் சாடியிலிருந்து யாரோ தண்ணீர் மொண்டு கால் கழுவினார்கள். நிதானமாக. பிறகு ஒரு படி முனகியது. இன்னொரு படி. பிக்குன் திரும்பிப் பார்க்கவில்லை. வாசலில் ஒருவரும் இல்லை.

பலகை அமுங்கியது. பக்கத்தில்.

லம்யாய் கத்த வாயைத் திறந்தாள்.

“பன்னிக்கொழுப்பு கொஞ்சம் வறுத்துத் தாயேன்” என்றது வாய். கரகரத்த குரல்.

பிக்குன் விழுந்து விழுந்து சிரித்தாள். “கொழுப்பா! டாக்டர் காதுல விழுந்தா என்னைக் கொன்னுடுவாரு. பாத்தியா, பசி வந்துடுச்சு. உயிர் வந்துடுச்சுடி!”

கைகள் நீண்டு பிள்ளையைத் தூக்கின. வலிக்கவில்லை. சின்ன வாய் மார்பைப் பற்றியது தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

முதுகுக்கடியில் பலகை இல்லை.

இரும்பு. குளிர். பினாயில்.

இமை அசையவில்லை. நாக்கும். அதில் பழைய வெற்றிலைக் காரம்.

யாரோ ஒரு வெள்ளைத் துணியை இழுத்து அவள் முகத்தை மூடினார்கள்.