விளிம்பில் ஒரு பொட்டு

மூடியிருந்த அரிசி டின்னுக்குள் ஏதோ வெடித்தது.

பெரிய சத்தமில்லை. அடக்கமாக, அடிவயிறு உருள்வது போல ஒரு 'டும்'. ஸ்ரீரங்கத்து வீட்டின் சமையலறையில் சாயங்கால வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது, கீழே மேலச்சித்திரை வீதியில் யாரோ பூ விற்றுக்கொண்டு போனார்கள், அடுப்பை அவள் பற்றவைக்கவே இல்லை. பானுப்ரியா டின்னைத் திறந்தாள். அரிசி. அரிசிக்கு மேல் சந்தன வாசனை.

அந்தச் சத்தம் அவளுக்குப் பழக்கம். திருவெறும்பூரில், எரிவாயு ஆலைகளுக்கான ஸ்விட்ச் பெட்டிகளைச் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனியில் அவள் தரப் பரிசோதகர். பெட்டிக்குள் வாயு புகுவதைத் தடுக்க முடியாது. புகும். ஸ்விட்சின் பொறி பட்டு உள்ளேயே வெடிக்கும். வெடிக்கட்டும் என்றுதான் அந்தப் பெட்டியே. மூடியும் பெட்டியும் சேரும் இடத்தில் இரண்டு அகலமான இரும்பு விளிம்புகள், நடுவே தலைமுடி நுழையும் இடைவெளி. வெளியே ஓடப் பார்க்கும் தீயின் சூட்டை அந்தச் சந்து முழுக்க இரும்பு உறிஞ்சிக்கொள்ளும். கடைசியில் வெளியே வருவது வெறும் வெதுவெதுப்பான காற்று. சான்றிதழுக்கான சோதனையில் 'டும்' என்று கேட்டபோது அவள் சின்னப் பிள்ளைபோலக் கைதட்டினாள். ஆனால் இடைவெளி கொஞ்சம் கூடினாலும் தீ தீயாகவே வெளியே வரும்.

'டும்.' இம்முறை ஃபிரிட்ஜுக்குள்.

சந்தன வாசனை தொண்டையைப் பிடித்தது. ஆயுத பூஜைக்கு முதல் நாள், வளைகுடாவுக்குப் போகவிருந்த பெட்டிகளின் இடைவெளிகளை அவள் அளந்து, மூடிகளைக் கழற்றி வைத்துவிட்டுக் கிளம்பியது ஞாபகம் வந்தது. முதலாளி தர்மராஜைக் கூப்பிட்டாள்.

"சார், பூஜையன்னைக்கு அந்தப் பெட்டிங்களுக்குப் பொட்டு வச்சீங்களா?"

"வைக்காம விடுவனாம்மா? கப்பலேறப் போற புள்ளைங்களாச்சே!"

"எங்க வச்சீங்க?"

"வெளிய வச்சா பெயின்ட் போயிரும், நீங்க சண்டைக்கு வருவீங்க. மூடி தொறந்துதானே இருந்துச்சு? உள்ள அந்த விளிம்பு பளபளன்னு இருக்குமே, அதுல நல்லா கெட்டியா வச்சேன்."

காய்ந்த சந்தனம் மூடியைத் தூக்கி நிறுத்தும், இடைவெளி கூடும். எல்லாப் பெட்டியிலும்.

'டும்.' பீரோவுக்குள்.

அந்தப் பெட்டிகள் போய்ச் சேர்ந்த வளைகுடா ஆலையில்தான் அவள் தம்பி ஹரிஹரசுதன் எலக்ட்ரீஷியன். வீடியோ காலில், ஆலை கொடுத்த பொறி வராத போனில், அவன் முகம் பளிச்சென்று வந்தது. பின்னால் பம்பின் இரைச்சல்.

"அக்கா! உங்க பெட்டிய நேத்து நான்தான் மாட்டினேன். பாரு!"

"சுதா, விளிம்புல சந்தனம் இருந்துச்சா? தொடச்சியா?"

"எப்படிக்கா தொடைப்பேன்? மூடியத் தொறந்ததும் நம்ம ஊரு வாசனை. கண்ணுல தண்ணியே வந்துருச்சு. அப்படியே வச்சு மூடிட்டேன்."

"அங்க கேஸ் வாடை அடிக்குதா?"

"லேசா. பம்புகிட்ட கசியுது, ஆளு வராங்க. ஏன்?"

"வெளிய ஓடு. எதையும் தொடாத. சுதா!"

"பம்பு சத்தம் ஏறிருச்சு, ஒண்ணும் கேக்கலக்கா." சிரித்தான். "இரு, நிறுத்திட்டு வரேன்."

அவன் கை பெட்டியின் ஸ்விட்சுக்குப் போனது.

"சுதா, வேணாம்..."

படம் உறைந்தது. இரைச்சல் நின்றது. ஸ்விட்சின் மேல் விரல். அதே சிரிப்பு.

அவள் கத்தினாள். பெயர் சொல்லிக் கத்தினாள். ஒன்றும் அசையவில்லை.

ஒன்று அசைந்தது.

மூடியின் விளிம்பிலிருந்து நீலமாக ஒரு தீ, நூல் மாதிரி. சத்தமில்லாமல் அவன் விரலைத் தாண்டியது. மணிக்கட்டு. முழங்கை. சிரிப்பு அப்படியே இருந்தது.

அழைப்பைத் துண்டித்தாள். துண்டிக்கப்படவில்லை. போனை அணைத்தாள். அணையவில்லை.

சமையல் மேடையில் கவிழ்த்து, இரண்டு கைகளாலும் அழுத்தினாள். கல் சுட்டது. போனுக்கும் கல்லுக்கும் நடுவே, தலைமுடி நுழையும் இடைவெளியில், நீலம் வெளியே வந்துகொண்டிருந்தது.