மூன்று நாள் காயும் பசை

மழைக்கு ஒதுங்க வந்தவள் என்றுதான் அவன் நினைத்தான். ஆனால் அவள் வாசலோடு நிற்கவில்லை. நேராக உள்ளே வந்து, கையிலிருந்த தூண்டில் கோலை மேசைமேல் கிடத்தினாள்.

“இதைச் செஞ்சது நீங்கதானே?”

அவன் நிமிர்ந்தான். நிமிர்ந்த கண் அப்படியே நின்றுவிட்டது... அவள் இமை முடியில் ஒரு பொட்டு வெள்ளைப் பெயிண்ட். கோபத்தில் அவள் கண் கொட்டும்போதெல்லாம் அந்தப் பொட்டும் சேர்ந்து ஏறி இறங்கியது.

சைக்கிள் கடைக்குப் பின்னாலிருக்கும் அந்த ஒற்றை அறையில் பதினோரு வருஷமாக அவன் தூண்டில் கோல் செய்கிறான். தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அவன் கோல்காரன்தான்.

“நான்தான். என்ன குறை?”

“ரீலைப் பிடிச்சுத் திருப்பிப் பாருங்க.”

திருப்பினான். நரம்பு சுற்றும் ரீல், கோலில் இறுகி அசையவே கூடாதது, கால் சுற்று நகர்ந்தது.

“ரெண்டு மாசம் முன்னாடி எங்கப்பா இதைத்தான் உங்ககிட்ட வந்து சொன்னார். வலது கை அவருக்குச் சரியா வராது. ஞாபகம் இருக்கா?”

இருந்தது. அன்று வேலை மும்முரம். கோலை வாங்கிக்கூடப் பார்க்காமல், ‘கோல்ல ஒண்ணும் இல்லைய்யா, உங்க பிடிதான் தளர்ந்துபோச்சு’ என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

“பக்கவாதத்துல விழுந்த கைங்க அது. எட்டு மாசம் ரப்பர் பந்தை அமுக்க வெச்சு, அமுக்க வெச்சு வரவழைச்சோம். நீங்க சொன்ன அன்னைக்கு கோலைப் பரண்ல போட்டவர்தான். இப்ப தம்ளரைக்கூட இடது கையாலதான் எடுக்கிறார். கேட்டா, செத்த கையை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்கிறார்.”

அவள் குரல் உயரவில்லை. அதுதான் அவனைச் சுட்டது. ஆனாலும் வாய் சும்மா இருக்க வேண்டுமே.

“என் கோல் இதுவரைக்கும் ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்லைங்க.”

“இப்ப வந்திருக்கு. பிரிச்சுக் காட்டுங்க.”

“நாளைக்கு வாங்க.”

“மழை விடட்டும், போறேன்.” ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

வேறு வழியில்லாமல் ரம்பத்தை எடுத்தான். ரீலைப் பூட்டும் குழல் அகலமானது. அதற்குள் போகிற கோல் மெலிசு. நடுவில் விழுகிற சந்தை எதையாவது சுற்றி நிரப்பி, பசை போட்டுத்தான் குழலை ஏற்ற வேண்டும். அவன் சுற்றுவது மாஸ்கிங் டேப். குழல் பிளந்தது... உள்ளே டேப் தண்ணீர் குடித்துக் குடித்துக் காகிதக் கூழாகக் கிடந்தது.

அவள் ஒரு விரலால் அதைத் தொட்டுப் பார்த்தாள்.

“இதை நாங்க சுவத்துல ஒட்டி, பெயிண்ட் காயறதுக்குள்ள உரிச்சுடுவோம். உரிக்கிறதுக்குன்னே செஞ்ச டேப்புங்க இது. இதை நம்பியா ரீலை உட்கார வெச்சீங்க?”

“சுவர் வேற, கோல் வேற.”

சொன்ன பிறகுதான் எவ்வளவு அசட்டுத்தனமான பேச்சு என்று உறைத்தது. அவள் எழுந்து, விடாத மழையில் இறங்கிப் போய்விட்டாள். கோல் மட்டும் மேசையிலேயே கிடந்தது.

மூன்று நாள் அதோடு மல்லுக்கு நின்றான். தக்கையைக் கடைந்தான், அத்தனை சின்னச் சந்துக்கு மெலிசாக்கியதும் பொடிந்தது. ஃபோமைத் தேய்த்தான்; கிழிந்தது. நூலைச் சுற்றினான், அது பசையை அடிவரை போக விடவில்லை. ஒவ்வொன்று கெடும்போதும் அந்த வெள்ளைப் பொட்டுதான் கண்ணுக்குள் ஏறி இறங்கியது... இதென்னடா வம்பு.

நாலாம் நாள், அவள் வேலை செய்யும் புதுக் கட்டடத்தை விசாரித்துக்கொண்டு போனான். அவள் ஏணிமேல் நின்று, இரண்டு பலகைச் சுவர்கள் சேரும் இடத்தில் வலைபோல் கண்ணுவிட்ட டேப் ஒன்றை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

“அது என்ன டேப்புங்க?”

எட்டிப் பார்த்தாள். “யாரு, கோல்காரரா? இது சுவர் டேப். உங்களுக்கு ஆகாது. சுவர் வேற, கோல் வேற.”

“பெயிண்டரம்மா, அண்ணாந்து அண்ணாந்து கழுத்து வலிக்குது. இறங்கி வந்து திட்டுங்களேன்.”

சிரிப்பை அடக்க அவள் சுவர்ப் பக்கம் திரும்ப வேண்டியிருந்தது. பிறகு ஒரு சுருளைத் தூக்கிப் போட்டாள்.

“கண்ணாடி நார். தண்ணியிலேயே கிடந்தாலும் ஊறாது. கண்ணுக்குக் கண்ணு பசை இறங்கி ரெண்டு பக்கமும் பிடிச்சுக்கும்.”

சாயங்காலம் அவளே வந்துவிட்டாள். அவன் பசை கலக்கும்போது டப்பாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் அவள் டேப்பைச் சுற்ற, அவன் பசையைத் தேய்த்தான்.

“இன்னும் அரைச் சுத்து.”

“போதுங்க, புதுக் குழல் ஏறாது.”

“ஏறும். ஏத்துங்க.”

ஏறியது. நெகிழாமல், இறுகாமல், அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது. நாலு கைகளும் குழலைப் பிடித்தபடி இருந்தன. வெளியே தகரக் கூரைமேல் மழை. யார் முதலில் கையை எடுப்பது என்று இருவருக்குமே தெரியவில்லை...

“எத்தனை நாள் காயணும்?”

அவன் கொஞ்சம் யோசித்தான். “மூணு நாள். தினம் வந்து நேரா நிக்குதான்னு பாருங்க. என் கண்ணை நம்ப முடியாதுன்னுதான் நீங்களே காட்டிட்டீங்களே.”

மூன்று சாயங்காலமும் வந்தாள். மூன்றாம் நாள் அவன் கோலைத் துடைத்து நீட்டினான்.

“சரியாயிடுச்சுன்னு அப்பாகிட்டச் சொல்லிடுங்க.”

“நான் சொன்னா, பொண்ணு சமாதானம் சொல்றாள்னுதான் நினைப்பார். தப்பு கோல்லதான்னு நீங்க வந்து உங்க வாயால சொல்லணும்.”

“பதினோரு வருஷப் பேருங்க. கோல்காரன் கட்டின கோல்லயே ரீல் சுத்துதாம்னு நாலு பேர் பேச ஆரம்பிச்சா...”

“எங்கப்பா கையைப் பத்தி சொன்னப்போ அந்த நாலு பேர் ஞாபகம் வரலையா?”

நீட்டிய கோலை வாங்காமலே போய்விட்டாள். அறையில் எல்லாம் அப்படியே இருந்தது. ஆனால் அந்த ஸ்டூலைப் பார்க்கத்தான் அவனால் முடியவில்லை.

மறுநாள் கோலும் ஒரு காகிதப் பொட்டலமுமாக அவள் வீட்டு வாசலில் நின்றான். அவள் அப்பா ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். வலது கை மடியில் கிடந்தது, வேறு யாருடையதோ போல. அவன் பொட்டலத்தைப் பிரித்து அந்தக் கூழ் டேப்பைக் காட்டினான்.

“ஐயா, உங்க பிடி தளரலை. ரீல்தான் சுத்தியிருக்கு. நான் வாங்கிப் பார்க்காமலே சொல்லிட்டேன். தப்பு என்னோடதுங்க.”

பெரியவர் டேப்பை வெகு நேரம் பார்த்தார். இடது கை முன்னால் வந்தது... பாதியில் நின்றது. மடியிலிருந்து வலது கை மெல்ல எழுந்தது. ஒவ்வொரு விரலாக மடிந்து ரீலைப் பிடித்தது. திருப்பினார். அசையவில்லை. இன்னொரு தரம் அழுத்தித் திருப்பினார்.

“அப்போ அன்னிக்கு என் கை சரியாத்தான் சொல்லியிருக்கு.”

“ஆமாங்கய்யா.”

“சரி. ரெண்டு மாசமா நான் பிடிக்காத மீனுக்கெல்லாம் யாருப்பா பதில் சொல்றது?”

அவள் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பி, பெயிண்ட் எங்கே உரிந்திருக்கிறது என்று பார்ப்பவள்போல் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வாசல்வரை வந்து வழியனுப்பினாள். தூறல் ஆரம்பித்திருந்தது.

“இன்னொரு தப்பும் இருக்குங்க,” என்றான் அவன், செருப்பைப் பார்த்துக்கொண்டே. “அந்தப் பசை காய ஒரு நாள் போதும். நீங்க வரணும்னுதான் மூணு நாள்னு சொன்னேன். உங்களைப் பார்க்காம... எனக்கு ஆகலைங்க.”

“தெரியும்.”

“எப்படி?”

“டப்பாமேலயே எழுதியிருக்கே. அன்னிக்கே படிச்சுட்டேன்.”

அவன் நிமிர்ந்தான். அவள் இமையில் இப்போது பெயிண்ட் இல்லை, ஒரு மழைத்துளி.

“தெரிஞ்சும் வந்தீங்களா?”

“முதல் நாள் கோலுக்காக வந்தேன்,” என்றாள் அவள். “மத்த ரெண்டு நாள்... எனக்காக.”