ஸ்டுடிபேக்கரின் இடது கதவு

பெல்கிரேவ் மலைக்குப் பழைய கார் வாங்கப் போன அந்தச் சனிக்கிழமை, எனக்கு இருந்த ஒரே கவலை மழை. என் கணவர் பிரதீப்குமாருக்கு அதுவும் இல்லை. நோபல் பார்க்கில் எங்கள் வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து ஸ்டுடிபேக்கர் புராணம் பாடிக்கொண்டே வந்தார். அமெரிக்காவில் குதிரை வண்டி செய்துகொண்டிருந்த அண்ணன் தம்பிகள் ஆரம்பித்த கம்பெனி அது. நூறு வருஷத்துக்கு மேல் ஓஹோவென்று இருந்துவிட்டு, அறுபதுகளில் கடையைச் சாத்திவிட்டது. அதற்கு முன்னால் கார்களைப் பாகம் பாகமாகப் பெட்டியில் அடைத்துக் கப்பலில் அனுப்ப, இங்கே மெல்பர்னில் பூட்டி விற்றிருக்கிறார்கள். விக்டோரியா போலீஸ்கூட ஓட்டியதாம்.

"செத்துப்போன கம்பெனி. ஸ்பேர் பார்ட்ஸுக்கு எங்க போவீங்க?" என்றேன்.

"அத விடு. இதுல ஹில் ஹோல்டர்னு ஒண்ணு இருக்கு, ஹரி. மேட்டுல நிறுத்தி கிளட்ச மிதிச்சுக்கிட்டா, பிரேக்ல இருந்து கால எடுத்தாலும் வண்டி பின்னால உருளாது. கிளட்ச விடுற வரைக்கும் அப்படியே நிக்கும். வச்சிருக்கிறவங்க நெட்ல எழுதுறத நீ படிக்கணும். பெட்ரோல் குடிக்கும், ஸ்டியரிங் திருப்பினா தோள்பட்டை கழண்டுரும், ஆனா பிடிச்ச பிடிய மட்டும் விடாதுன்னு எழுதுறாங்க."

அதைக் கேட்டு நான் சிரித்தேன்.

வீடு செங்குத்தான ஒரு பாதையின் உச்சியில் இருந்தது. உயரமான மரங்கள், ஈரமான இலைக் குப்பை, எங்கோ விறகு எரியும் வாசனை. நடுப்பகலிலேயே அங்கே வெளிச்சம் குறைவு. கார் கொட்டகைக்குள் நின்றது. கரும்பச்சை நிறம், 1964ஆம் வருஷத்து வண்டி. விற்கிறவர் லொரெய்ன் என்ற அறுபது வயதுப் பெண்மணி. அவருடைய அப்பா கென் புதிதாக வாங்கி, சாகும்வரை வைத்திருந்த கார்.

டீ கொடுத்துவிட்டு லொரெய்ன் சொன்ன கதையை நான் கேட்காமலேயே இருந்திருக்கலாம். அவர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், ஒரு குளிர்கால நாளில், அம்மா ஜோன் தன் தங்கையைப் பார்க்க ரயிலில் சிட்டிக்குப் போனார். சாயங்கால ரயிலில் வந்துவிடுவேன், ஸ்டேஷனுக்குக் காரைக் கொண்டுவாருங்கள் என்று புருஷனிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார். வரவில்லை. போலீஸ் தேடியது, பேப்பரில் போட்டோ வந்தது, ஒன்றும் கிடைக்கவில்லை. கென் மட்டும் தினமும் சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போவார். சரிவில் காரை நிறுத்தி, இடது பக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த ரயில் வரும்வரை உட்கார்ந்திருப்பார். ஐம்பது வருஷத்துக்கு மேல் இதைச் செய்திருக்கிறார். போன குளிர்காலத்தில் அங்கேயே, அந்த சீட்டிலேயே உயிர் போய்விட்டது.

அப்போதும் கார் ஒரு அங்குலம்கூட நகரவில்லை என்றார் லொரெய்ன். அப்பாவின் இடது கால் கிளட்சை அழுத்திக்கொண்டே இருந்தது. இரண்டு ஆட்கள் சேர்ந்துதான் அந்தக் காலைத் தூக்கி எடுத்தார்களாம்.

எனக்கு அப்போதே எழுந்து ஓட வேண்டும்போல் இருந்தது. என் கணவருக்கோ கண் கலங்கிவிட்டது. அவர் அப்படித்தான், யார் கதை சொன்னாலும் உருகிவிடுவார். சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது, நடையில் மாட்டியிருந்த கென்னின் போட்டோ முன்னால் நின்று கை கூப்பினார்.

"வாங்க தாத்தா. உங்க வண்டியிலயே போலாம்," என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாவு விழுந்த வீட்டிலிருந்து கிளம்பும்போது நாம் 'போயிட்டு வர்றேன்' என்று சொல்ல மாட்டோம். அவர்களும் 'வாங்க' என்று சொல்ல மாட்டார்கள். சத்தம் போடாமல் செருப்பை மாட்டிக்கொண்டு நடையைக் கட்டுவோம். கோயம்புத்தூரில் பிறந்து வளர்ந்த மனுஷனுக்கு இது தெரியாதா? தெரியும். வெள்ளைக்காரர் வீடு என்பதால் நினைப்பு வரவில்லை. அவர் முழங்கையில் நறுக்கென்று கிள்ளினேன்.

"செத்தவங்களைப் போய் யாராவது வாங்கன்னு கூப்பிடுவாங்களா?"

"அட, அவருக்குத் தமிழ் எங்க புரியப்போகுது!" என்று சிரித்தார்.

அவர் ஸ்டுடிபேக்கரில் முன்னால் போக, நான் எங்கள் டொயோட்டாவில் பின்தொடர்ந்தேன். வழியெல்லாம் மழை. ஆனால் முன்னால் போன காரில் ஜன்னல் கண்ணாடி இறங்கியிருந்தது. ஒரு முழங்கை வெளியே நீண்டு, மழையில் நனைந்தபடி வந்தது. என் கணவர் ஒருநாளும் அப்படி ஓட்டியதில்லை.

முதல் சில நாட்கள் காரைத் துடைப்பதும் போட்டோ எடுப்பதுமாகச் சந்தோஷமாகத்தான் இருந்தார். அப்புறம் பேச்சு குறைந்தது. பல் தேய்க்கும்போதுகூடப் பேசுகிற மனிதர் அவர். சாப்பாட்டு மேஜையில் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். குழம்பை ஒதுக்கி வைத்துவிட்டு ரொட்டியில் வெண்ணெய் தடவித் தின்பார். ஆபீசில் ஓவர்டைம் என்று சொல்லி இருட்டிய பிறகு வருவார். ஒருநாள் மேஜைக்கடியில் விழுந்த ஸ்பூனை எடுக்கக் குனிந்தேன். அவருடைய இடது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. ஆடுசதை நடுங்கியது. தொட்டுப் பார்த்தேன், மரக்கட்டையாக இறுகியிருந்தது.

"என்னங்க, காலு வலிக்குதா?"

நான் யார் என்று யோசிப்பவரைப்போல என்னைப் பார்த்தார்.

பக்கத்து யூனிட்டில் லோஜன் என்று ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் இருக்கிறார். பெல்கிரேவ் பாதையில் ரயில் ஓட்டுகிறவர். ஒரு காலையில் குப்பைத் தொட்டியை வெளியே இழுத்து வைக்கும்போது தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. அண்ணை ஏன் ஒவ்வொரு பின்னேரமும் பெல்கிரேவ் ஸ்டேஷனுக்கு வாறவர்?"

"அவரா? ஆபீஸ்ல இல்ல இருப்பாரு?"

"இல்லை அக்கா, அந்தப் பச்சைக் காரிலதான் இருக்கிறவர். இடப்பக்கக் கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு, ஆரையோ ஏத்த வந்த மாதிரி. நான் கை காட்டினனான். என்னை ஆரெண்டே தெரியாத மாதிரிப் பார்த்தவர்."

எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, ஆத்திரம். எவளோ ஒருத்தி தினமும் என் புருஷன் பக்கத்தில் ஜம்மென்று உட்கார்ந்து போகிறாள் என்றுதான் நினைத்தேன். எவளாக இருந்தாலும் ஒரு கை பார்த்துவிடுவது என்று முடிவு செய்து, மறுநாள் மத்தியானமே வேலையிலிருந்து புறப்பட்டேன். ரயில் மாறி, கடைசி ஸ்டேஷன்வரை போய் இறங்கினேன்.

குளிர்காலத்தில் ஐந்து மணிக்கே அங்கே இருட்டிவிடும். மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. கார் நிறுத்துமிடத்தின் சரிவில், மேட்டைப் பார்த்தபடி ஸ்டுடிபேக்கர் நின்றது. எஞ்சின் மெதுவாக உறுமியது. இடது கதவு விரியத் திறந்திருந்தது.

நேராகப் போய் முன்சீட்டில் கை வைத்தேன்.

என் கணவர் திரும்பவில்லை. கண்ணாடி வழியே முன்னால் பார்த்தபடி ஆங்கிலத்தில் பேசினார். அது ஜோனோட சீட், கண்ணு, பின்னால உட்கார் என்றார். அந்தக் குரல் கரகரத்து, இழுத்து இழுத்து வந்தது. இங்கே வந்து பத்து வருஷமாகியும் கோயம்புத்தூர் இங்கிலீஷ் பேசுகிற மனிதருக்கு இந்த மலைக் கிழவரின் நாக்கு எங்கிருந்து வந்தது?

ஓடியிருக்கலாம். ஆனால் அவரை அங்கே விட்டுவிட்டுப் போனால் திரும்பக் கிடைக்க மாட்டார் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டேன். அவர் சட்டைக் காலர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதைத் தொடக்கூட எனக்குத் துணிவு வரவில்லை.

ரயில் வந்தது. கோட்டுப் போட்டவர்கள், பள்ளிப் பிள்ளைகள், சைக்கிள் தள்ளிக்கொண்டு ஒருவர். எல்லோரும் தங்கள் தங்கள் வண்டிகளில் ஏறிப் போனார்கள். கார் நிறுத்துமிடம் காலியானது. தூறலின் சத்தம் மட்டும் இருந்தது.

அப்புறம் குதிகால் செருப்பின் சத்தம்.

ஸ்டேஷன் பக்கமிருந்து வந்தது. அவசரமில்லாமல், தார் ரோட்டில் டக், டக் என்று.

நான் பார்த்தேன். யாரும் இல்லை.

சத்தம் திறந்த கதவின் பக்கத்தில் வந்து நின்றது.

முன்சீட்டு ஸ்பிரிங் முனகியது. சீட் மெதுவாக அமுங்கியது. நனைந்த கம்பளியின் வாசனையும் பழைய முகப் பவுடர் வாசனையும் காருக்குள் நிறைந்தன.

என் கணவர் அந்தப் பக்கம் திரும்பினார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"வாங்க," என்றார்.

தமிழில் சொன்னார். அவருடைய சொந்தக் குரலில் சொன்னார்.

கதவு தானாகச் சாத்திக்கொண்டது. அவர் இடது காலை எடுத்தார். கார் மேட்டில் ஏறியது.

நோபல் பார்க் போகும் வழியில் அவர் திரும்பவில்லை. காட்டுப் பாதையில், விளக்கில்லாத வளைவுகளில், வழி தெரிந்த கையோடு ஓட்டினார். முன்சீட்டுக்கு மேலே ஒரு தலையும் தெரியவில்லை. ஆனால் முன் கண்ணாடியின் இடது பாதி மட்டும் மூச்சுக் காற்றில் மங்கிக்கொண்டே வந்தது. நான் முருகா முருகா என்று முனகியபடி ஒடுங்கியிருந்தேன்.

லொரெய்ன் வீட்டுச் செங்குத்துப் பாதையில் பாதி ஏறியதும் காரை நிறுத்தினார். கியரை நியூட்ரலில் போட்டு எஞ்சினை அணைத்தார். காலைக் கிளட்சில் வைத்து அழுத்தினார். கார் அந்தச் சரிவில் அசையாமல் நின்றது.

அவரும் அசையவில்லை. கண் இமைக்கவில்லை. எத்தனை தடவை பெயர் சொல்லி உலுக்கியும் திரும்பவில்லை. அந்தக் கிழவரும் இப்படித்தானே உட்கார்ந்து செத்திருக்கிறார். என் புருஷனை நான் இந்த சீட்டில் பறிகொடுக்கப் போகிறேன்.

கூப்பிட்டதால் வந்தவரைத் திருப்பி அனுப்ப எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. நம் வீடுகளில் யாரையும் 'போங்க' என்று மொட்டையாகச் சொல்ல மாட்டோம். சண்டை போட்டவரைக்கூட 'போயிட்டு வாங்க' என்றுதான் அனுப்புவோம். இவரிடம் அந்த 'வாங்க' வாயில் வரவே கூடாது. பின்னாலிருந்து அவர் தோள் இரண்டையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"தாத்தா," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "இவரு விவரம் தெரியாமக் கூப்பிட்டுட்டாரு. உங்க வீடு வந்துருச்சு. இறங்கிப் போங்க. திரும்பி வராதீங்க."

ஒன்றும் நடக்கவில்லை.

"போங்க தாத்தா!" என்று கத்தினேன்.

ஓட்டுநர் பக்கக் கதவு திறந்தது. என் கணவரின் இரண்டு கைகளும் ஸ்டியரிங் மேலேயே இருந்தன.

ஈர இலைகள் மேல் காலடிச் சத்தம் மேலே போனது. வராந்தாப் பலகை கிறீச்சிட்டது. ஆள் வந்தால் எரிகிற வாசல் விளக்கு பளிச்சென்று எரிந்தது. அதன் வெளிச்சத்தில் யாரும் இல்லை.

அவருடைய இடது கால் கிளட்சிலிருந்து நழுவியது. கார் பின்னால் உருள ஆரம்பித்தது.

"ஐயோ! பிரேக், பிரேக்!" என்று அலறிக்கொண்டே அவரே பிரேக்கை மிதித்தார். அந்த அலறலைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. என் புருஷனின் குரல் அது.

"ஹரி? நாம இங்க எப்ப வந்தோம்?"

விளக்கைப் பார்த்து வெளியே வந்த லொரெய்னிடம் சாவியைக் கொடுத்தேன். திறந்து கிடந்த ஓட்டுநர் கதவை ஒரு தடவை பார்த்தார். காரணம் எதுவும் கேட்காமல் சாவியை வாங்கிக்கொண்டார். நான் என் கணவரின் வாயைக் கையால் பொத்தி, ஒரு வார்த்தை பேசவிடாமல் கூட்டிக்கொண்டு இறங்கினேன். ரயிலில் என் தோளில் சாய்ந்து தூங்கினார்.

மறுநாளே பழைய ஆளாகிவிட்டார். பல் தேய்த்துக்கொண்டே கிரிக்கெட் ஸ்கோர் சொன்னார். சாம்பாரை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். தொலைந்தது சனியன் என்று நிம்மதியாக இருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை காய்கறி வாங்க டாண்டினாங் மார்க்கெட்டுக்குக் கிளம்பினோம். டொயோட்டாவை நான்தான் ஓட்டினேன். இனி ஸ்டியரிங்கை அவர் கையில் கொடுக்கக் கொஞ்ச நாளாகட்டும் என்று இருந்தேன். போனைப் பார்த்தபடி வந்தவர் பின்கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

"முன்னாடி வாங்களேன். நான் என்ன டாக்சியா ஓட்டுறேன்?"

அவர் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அங்கதான் ஆள் இருக்காங்களே," என்றார்.

டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. பீப், பீப் என்று சத்தம் ஆரம்பித்தது. இடது சீட்டில் உட்கார்ந்தவர் பெல்ட் போடாவிட்டால் வருகிற சத்தம். சீட்டைப் பார்த்தேன். அதில் பை இல்லை, குடை இல்லை, ஒன்றுமே இல்லை.

அந்தச் சரிவில் ஒரு கதவுதான் திறந்தது. இடது கதவு சாத்தியபடியே இருந்தது. நான் தாத்தாவை மட்டும்தான் போகச் சொன்னேன். அந்த அம்மாளையும் என் கணவர் தன் வாயால், தன் சொந்தக் குரலில், வாங்க என்று கூப்பிட்டிருக்கிறார்.

பீப். பீப். பீப்.

"பாட்டி, நீங்களும்..." என்று ஆரம்பித்தேன்.

சொல்லி முடிப்பதற்குள் காருக்குள் ஈரக் கம்பளி வாசனை எழுந்தது. கண்ணாடியின் இடது பாதி மங்கியது.

பெல்ட் மெதுவாக இழுபடும் சத்தம் கேட்டது.

கிளிக்.

பீப் நின்றுவிட்டது.