திரைக்கு அடியில் தண்ணீர்

எந்த ஒலி முதலில் கேட்டது என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. துணி இழுபடும் சரசரப்பா, விரல் தட்டும் ஓசையா? சில நாள் ஒன்று முந்திக்கொள்கிறது, சில நாள் மற்றது. வெயிலில் வெகுநேரம் கிடந்தவன் தன் ஞாபகத்தை அதிகம் நம்பக்கூடாது. ஆனால் டேரன் சொன்னதை மட்டும் நான் ஓர் எழுத்துக்கூட மாற்றவில்லை.

மெரில் என் தங்கை. டேரன் அவள் கணவன், சிட்னிப் பக்கத்துக் கடற்கரைக்காரன். போன கோடையில், உள்நாட்டுச் சுரங்க நகரமான ப்ரோக்கன் ஹில்லுக்கு வடக்கே, செம்மண் வெளியில் ஒற்றை மரத்தடியில் அவள் பிணமாகக் கிடந்தாள். வண்டி நின்றுவிட்டது, அசந்து தூங்கிவிட்டேன், அவள் உதவி தேடி நடந்து போய்விட்டாள் என்று டேரன் போலீஸிடம் சொன்னான். வெளியூர்க்காரன் மட்டுமே இப்படி ஒரு பொய்யைத் தேர்ந்தெடுப்பான். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பேச்சு வரும்போதே சொல்லித் தருகிறோம்: வண்டி நின்றால் அதை விட்டுப் போகாதே. அந்த வெளியில் தேடுகிறவர்கள் கண்ணுக்கு வண்டி தெரியும், மனிதன் தெரியமாட்டான். மெரில் அங்கேயே பிறந்து வளர்ந்தவள்.

அதைச் சொல்லத்தான் அன்று நான் ப்ரோக்கன் ஹில்லில் நடந்த மரண விசாரணைக்குப் போக வேண்டியிருந்தது. நான் போகாவிட்டால் அவள் தன் தவறால் செத்தாள் என்று எழுதி மூடிவிடுவார்கள். காலையில் என் வண்டியின் ரேடியேட்டர் வெடித்தது. அதே விசாரணைக்குப் போய்க்கொண்டிருந்த டேரன் வாசலில் நிறுத்தினான்.

"ஏறுங்க மச்சான். கடிச்சிட மாட்டேன்."

"கடிக்கிறது எதுவும் சொல்லிட்டுக் கடிக்காது," என்றேன். ஆனாலும் ஏறினேன். வேறு வழியில்லை.

அதே வெள்ளை வண்டி. விபத்து என்று நினைத்துப் போலீஸ் அதை அவனிடமே திருப்பிக் கொடுத்திருந்தது. பின் சீட்டுக்குப் பின்னால், டிக்கியின் குறுக்கே, நீளமான ஒரு குழல். அதற்குள் கறுப்புத் துணி ஒன்று ஸ்பிரிங்கில் சுருண்டிருக்கும். இழுத்து இரண்டு பக்கமும் மாட்டினால் டிக்கியில் இருப்பது வெளியே தெரியாது. கழற்றிவிட்டால் சட்டென்று குழலுக்குள் ஓடிவிடும். நகரத்து வண்டிகளில் அது எப்போதும் மூடியிருக்கும். எங்கள் பக்கம் யாரும் மூடுவதில்லை. ஒளிக்க என்ன இருக்கிறது?

"கோர்ட்டுல என்ன சொல்லப் போறீங்க?" என்று கேட்டான் டேரன்.

"அவ வண்டிய விட்டு எறங்க மாட்டான்னு."

"மனுஷங்க பயந்தா என்ன வேணா செய்வாங்க மச்சான்."

"நீ செய்வ. அவ செய்யமாட்டா."

அவன் சிரித்தான். உப்புச்செடிப் புதர்களும் வேலிக்கம்பிகளும் பின்னால் ஓடின. வெளிச்சம் கண்ணைக் குத்தியது.

பின்னால் சரசரவென்று ஏதோ இழுபட்டது.

டக். டக். இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்ட ஓசை.

திரும்பிப் பார்த்தேன். கறுப்புத் துணி டிக்கி முழுவதையும் மூடி விறைப்பாக நின்றது. டேரன் வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய்க் கழற்றிவிட்டான். அது சாட்டைபோல் உள்ளே ஓடியது.

"ஸ்பிரிங் சரியில்ல," என்றான். "பழசத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு மாட்டினேன். இதுவும் இப்படித்தான்."

நான் கேட்காமலே அவன் இதைச் சொன்னான்.

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி சரசரப்பு. மறுபடி டக், டக். இந்த முறை அவன் நிறுத்தவில்லை. ஏசி ஓடிக்கொண்டிருந்தும் வண்டிக்குள் சூடான ரப்பர் நாற்றம். அதனூடே மெல்லியதாக இன்னொரு வாசனை. மெரில் வெயிலுக்குப் பூசிக்கொள்ளும் களிம்பு.

பிறகு தட்டும் ஓசை.

துணிக்கு அடியிலிருந்து. ஒரு விரல். அவசரமில்லாமல், யாரோ தூக்கம் கலைந்து எங்கே இருக்கிறோம் என்று தடவிப் பார்ப்பதுபோல.

டேரனின் கைகள் ஸ்டியரிங்கில் வெளுத்துவிட்டன.

"உங்களுக்கும் கேக்குதா?" என்று கிசுகிசுத்தான்.

"கேக்குது."

"நான் அடிச்சதுல அவ செத்துட்டான்னுதான் நெனச்சேன். அதான் உள்ள படுக்க வச்சு மூடினேன்."

ஓசை நிற்கவில்லை.

"அன்னிக்கும் தட்டினாளா?"

அவன் சாலையையே பார்த்தான்.

"கொஞ்ச நேரம்."

அப்போது என்ஜின் நின்றது. இருமலில்லை, உதறலில்லை. வண்டி தானாக உருண்டு ஓரத்தில் போய் நின்றது. ஏசியின் காற்று அடங்கியதும் எங்கள் மூச்சு கேட்டது.

எங்கள் இருவர் மூச்சு மட்டுமல்ல.

டேரன் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். போனில் சிக்னல் இல்லை. அனல் கண்ணாடி வழியே உள்ளே வந்து உட்கார்ந்தது.

"தண்ணி எங்க?" என்றேன்.

அவன் பின்னால் பார்த்தான். தண்ணீர்க் கேன் டிக்கியில் இருந்தது. திரைக்கு அடியில்.

"போய் எடு," என்றேன்.

அவன் இறங்கினான். டிக்கிக் கதவைத் தூக்கினான். துணியின் விளிம்பைப் பிடிக்கக் கை நீட்டினான்.

துணி உள்ளிருந்து மேல்நோக்கி மெல்லப் புடைத்தது. அவன் கை இருந்த இடத்தில், ஐந்து விரல்களாக.

டேரன் பின்வாங்கினான். கீழே விழுந்தான். எழுந்து சாலையை விட்டு வெளியில் ஓடத் தொடங்கினான், தூரத்தில் ஏரிபோல் மினுங்கிய கானலை நோக்கி.

"டேரன், வண்டிய விட்டுப் போகாத," என்று கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். அவன் திரும்பவில்லை. நான் பின்னால் போகவில்லை. எங்கள் பக்கத்து ஆள் யாரும் போயிருக்கமாட்டான்.

வண்டியின் நிழலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உதடு வெடித்ததும் எழுந்து டிக்கிப் பக்கம் போனேன்.

"மெரில், எனக்குக் கொஞ்சம் தண்ணி வேணும்மா," என்றேன்.

இரண்டு பக்கமும் கொக்கி கழன்றது. திரை சாட்டைபோல் ஓடவில்லை. யாரோ பிடித்துக்கொண்டு விடுவதுபோல், மெதுவாக, குழலுக்குள் சுருண்டது. கேன் அங்கே இருந்தது. தண்ணீர் கிணற்று நீர்போலக் குளிர்ந்திருந்தது.

பிற்பகலில், மண்சாலையைச் சமன் செய்யும் இயந்திரம் ஓட்டும் ஷெரில் அந்த வழியாக வந்தாள்.

"உசுரோடதான் இருக்கீங்களா காலின்?"

"இருக்கேன்."

"கூட வந்தவரு?"

"நடந்து போயிட்டான்."

"நடந்தா?" என்றாள். வெளியை ஒருமுறை பார்த்தாள். டேரனின் வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினாள். என்ஜின் உடனே உயிர்பெற்றது.

டேரனைத் தேடிப்போனவர்கள், மெரில் கிடந்த அதே மரத்தடியில் அவனைக் கண்டெடுத்தார்கள். அவன் விரல்நகங்கள் தேய்ந்திருந்தன. மரப்பட்டையில் ஒரு கீறல்கூட இல்லை; மணலைத் தவிர அங்கே பிறாண்ட வேறொன்றுமில்லை. விசாரணை நடுவர் நான் சொன்னதைக் கேட்டு, மெரில் வண்டியை விட்டுப் போகவில்லை, கொல்லப்பட்டாள் என்று எழுதினார். அவளை எங்கள் அம்மாவுக்குப் பக்கத்தில் புதைத்திருக்கிறோம். டேரனின் உடலை அவன் அண்ணன் கடற்கரைக்குக் கொண்டுபோனான். வண்டியை நொறுக்கிவிட்டார்கள். நான் பண்ணையில் தனியாக இருக்கிறேன். திரையை மட்டும் சாட்சிப்பொருளாகப் போலீஸ் தன் கிடங்கில் வைத்திருக்கிறது. சுருட்டிக் கயிறு கட்டித்தான் வைத்தார்களாம். வெயில் ஏறிய பிற்பகல்களில், கயிறு அவிழாமலே, இரண்டு அலமாரிகளுக்கு நடுவே அது விறைப்பாக இழுத்து மாட்டப்பட்டிருக்கிறது. இப்போது அதன் அடியில் தட்டுவது ஆணின் கை என்று அங்கே வேலை பார்க்கும் பெண் சொல்கிறாள்.