பன்னிரண்டாம் எண் வீடு

பாம்பு பிடிப்பவர் வண்டியை நிறுத்தியபோது பிற்பகல் மணி மூன்று. பன்னிரண்டாம் எண் வீட்டின் கேட்டைப் பார்த்ததும் இறங்காமல் உட்கார்ந்துவிட்டார். வேறு ஃபோன் எண்ணிலிருந்து அழைத்து, லொகேஷன் மட்டும் அனுப்பியிருந்ததால் இந்த வீடுதான் என்று முன்பே தெரியவில்லை.

ஒன்றரை மாதத்துக்கு முன் இங்கிருந்து ஒரு பெண் அழைத்திருந்தாள். “கண்ணை எடுக்காம பாத்துக்கிட்டே இருங்கம்மா. பத்து நிமிஷத்துல வந்துடறேன்” என்று எல்லாரிடமும் சொல்வதையே அவளிடமும் சொன்னார். பாம்பு பார்வையை விட்டு மறைந்தால் பிறகு வீட்டையே கவிழ்த்துத் தேட வேண்டும். ஆனால் மனிதர் வேறொரு வீட்டில் பிடித்த சாரைப்பாம்போடு செல்ஃபிக்கு இளித்துக்கொண்டு நின்றதில் ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. வந்து சேர்ந்தபோது ஆம்புலன்ஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. இறங்காமலே திரும்பிவிட்டார். அவள் பிழைக்கவில்லை என்பதும், பாம்பு சிக்கவில்லை என்பதும் பிறகு காதுக்கு வந்தன.

கதவைத் திறந்த அவள் கணவருக்கு இவரை யாரென்று தெரியாது.

“என் பொண்ணு பாத்திருக்கா சார். அவங்கம்மாவையும் பாம்புதான்...”

“புடிச்சிடலாம் சார்.”

ஈரம் தேடி ஒதுங்கியிருக்கும் என்று முதலில் வாஷிங் மெஷினை நகர்த்தி, பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தார். ஈரத்துணி வாடை. வேறொன்றும் இல்லை.

“அங்க இல்ல அங்கிள்.” ஆறு வயதுச் சிறுமி படுக்கையறை வாசலில் நின்றாள். “என் கட்டிலுக்குக் கீழ. அம்மா பாத்துக்கிட்டே நிக்கிறாங்க.”

“ஒன்றரை மாசமா இப்படித்தான் சொல்றா” என்று அப்பா முணுமுணுத்தார். “ராத்திரி தூங்கறதே இல்ல.”

ஜன்னல் சாத்தியிருந்தும் அந்த அறை சில்லென்றிருந்தது. பாம்பு பிடிப்பவர் மண்டியிட்டுக் குனிந்தார்.

சுவரோரம் சுருண்டு கிடந்தது நாகம்.

தலை உயர்ந்தது. சீறல் அறை முழுக்கப் பரவியது. பை கட்டிய குழாயை அவர் மெல்ல நீட்டினார். பொந்தென்று நம்பி அது உள்ளே நுழைய வேண்டும். பக்கத்தில் யாரோ அவருக்கு இடம்விட்டு நகர்ந்தார்கள்.

திரும்பிப் பார்த்தார். அப்பாவும் மகளும் வாசலில்தான் இருந்தார்கள்.

பாம்பு குழாய்க்குள் போனது. பையின் வாயை இறுக்கிக் கட்டினார்.

“முடிஞ்சுதும்மா. அம்மாகிட்ட இனிமே பாம்பைப் பாக்க வேண்டாம்னு சொல்லு.”

“இன்னும் பாக்கறாங்களே.”

“எதை?”

சிறுமி தயங்கினாள். “உங்களை.”

அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தார். தைரியம் வரவில்லை. பையைப் பின்பக்கப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, வியர்வை வழிய வண்டியில் ஏறினார்.

கேட்டருகே வந்து சிறுமி கையசைத்தாள். பதிலுக்கு இவர் கையைத் தூக்கினார். அவள் இவரைப் பார்க்கவே இல்லை. பக்கத்து இருக்கையைப் பார்த்துதான் அசைத்துக்கொண்டிருந்தாள்.

வண்டியைக் கிளப்பினார்.

டிங். டிங். டிங்.

பக்கத்து இருக்கையில் ஆள் உட்கார்ந்து சீட் பெல்ட் போடவில்லை என்று சிவப்பு விளக்கு மினுங்கியது.

இருக்கை காலியாக இருந்தது.

“மன்னிச்சிடும்மா” என்றார். சத்தம் நிற்கவில்லை. எட்டி அந்தப் பெல்ட்டை இழுத்தார். அது இருக்கையில் படியவில்லை. ஓர் உடம்பைச் சுற்றி வருவதுபோல் நடுவில் வளைந்து நின்றது.

மாட்டினார். சத்தம் நின்றது.