ஹேண்ட் பிரேக்

மாத்திரையைக் கரண்டியின் முதுகால் நசுக்கிக்கொண்டே நர்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். தாமதம். முதியோர் இல்லத்தின் கீழ்த்தளத்தில் ஒருவர் வழுக்கி விழ, அவரைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு மாடிக்கு ஓடி வருவதற்குள் டிரைவருக்கு மருந்து வேளை தப்பிவிட்டது. பார்க்கின்சன் நோய்க்காரருக்கு வேளை தப்பினால் உடம்பு பூட்டிக்கொள்ளும். கட்டிலில் மரக்கட்டையாகக் கிடந்தார். கண்கள் மட்டும் உயிரோடு இருந்தன.

"என்ன டிரைவர் சார், ஹேண்ட் பிரேக் விழுந்துருச்சா?"

அது அவருடைய ஜோக்தான். காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். உடம்பு மக்கர் பண்ணும்போதெல்லாம் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

இன்று கண்கள் சிரிக்கவில்லை. அவளைத் தாண்டி ஜன்னல் பக்கம் போயின.

அங்கே பிரம்பு நாற்காலி. காலையில் அதைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தது அவளேதான். இப்போது அது கட்டிலைப் பார்த்து நின்றது.

பெருக்க வந்தவள் நகர்த்தியிருப்பாள்.

மதியத் தூக்கத்தில் மாடி முழுக்க அடங்கியிருந்தது. திரைச்சீலை வழியே வடிந்த மங்கல் வெளிச்சத்தில் பினாயில் வாடையும், அதற்கடியில், நெடுநாள் மூடிக்கிடந்த தண்ணீர்த்தொட்டியைத் திறந்தாற்போல ஓர் ஈர வாடையும் தேங்கி நின்றன.

"அந்தச் சேர்ல ஒரு ஆள் உட்கார்ந்திருக்கு" என்று முன்பு அவர் சொன்னபோது டாக்டர் தோளைத் தட்டினார். "மருந்து காட்டுற சினிமா சார். டிக்கெட் இல்லாம பாருங்க." சிலருக்கு இந்த மருந்து இல்லாத ஆளைக் காட்டும் என்பது அவளுக்கும் தெரியும். பக்கத்துக் கட்டில் வாத்தியாரும் அதே நாற்காலியைத்தான் காட்டினார். மருந்து ஏறினால் அவர் கைகால் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது, நெளிந்துகொண்டே இருப்பார். போன மாதம் ஒரு மதியம் ஓய்ந்துபோனார், நாற்காலியைப் பார்த்த கண்ணோடு. அந்தக் கட்டில் இன்னும் காலி.

இறுகிய வாயில் முழு மாத்திரை போகாது. தூளைப் பழக்கூழில் குழைத்து ஊட்டினாள். பற்கள் கரண்டியைக் கடித்தன.

"அடம் பிடிக்காதீங்க. சாயங்காலம் உங்க பொண்ணு வருது. நடந்து காட்ட வேணாமா?"

தொண்டையைத் தடவிவிட்டாள். மெல்ல இறங்கியது. அவர் கண்ணோரம் நீர் வழிந்தது.

தலையணையை நிமிர்த்தினாள். உறைக்குள் ஏதோ நறநறத்தது.

கையை விட்டாள். மாத்திரைகள். எச்சிலில் ஊறி, காய்ந்து, ஒன்றோடொன்று ஒட்டிப்போனவை. கை கொள்ளாமல். வாத்தியார் போனதிலிருந்தே இவர் மருந்தை நாக்கடியில் ஒதுக்கித் துப்பியிருக்கிறார். வரவர விறைத்துக்கொண்டு போனதை, நோய் முற்றுகிறது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

இத்தனை நாளாக மருந்தே உள்ளே போகவில்லை. அப்படியானால் அந்தச் சினிமா?

பின்னால் பிரம்பு கிறீச்சிட்டது. யாரோ புரண்டு உட்காருவதுபோல.

திரும்பத் துணிவில்லை. எவ்வளவு நேரம் அப்படியே நின்றாளோ. அவர் உதடுகள் இளகத் தொடங்கின.

"ஹேண்ட் பிரேக்..." மூச்சுதான் குரலாக வந்தது. "நானாத்தான் போட்டேன் சிஸ்டர். அசையாதவங்க அது கண்ணுக்குத் தெரிய மாட்டாங்க."

அவர் சுட்டுவிரல் அசைந்தது. கட்டில் கம்பியில் பட்டது. டக். டக்.

பிரம்பு மறுபடி கிறீச்சிட்டது. எழுந்துகொள்ளும் சத்தம்.

ஈர வாடை நெருங்கியது. அவர் கண்கள் அவளுடைய தோளுக்கு மேலே வந்து நின்றன.

அந்தக் கையை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்தாள். விரல் அடங்கியது.

டக். டக். டக்.

அவள் கைக்கடிகாரம் கம்பியில் மோதிக்கொண்டிருந்தது.